கம்பளி உள்ளே, அம்மணம் வெளியே

ஆர்லிஸுக்கு அன்றைக்குக் கோபம் வந்தது பனிப்புயலின்மேல் அல்ல, கண்ணுகளா. புயலுக்கு என்ன தெரியும்? மலையிலிருந்து இறங்கும், சமவெளி முழுக்கப் புரளும், கிழக்கே எங்கேயோ போய் ஓயும். அதன் பிழைப்பு அது. அவள் கோபமெல்லாம் மனிதர்கள்மேல். அதிலும் "பரவாயில்லை" என்று சொல்கிற மனிதர்கள்மேல்.

தெற்கு டகோட்டாவின் மேற்குக் கோடியில் ஆண்பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்தான் தெரியும். கால் உடைந்தாலும் பரவாயில்லை. கோதுமை மொத்தமும் ஆலங்கட்டியில் போனாலும் பரவாயில்லை. பெண்டாட்டியைப் புதைத்த மறுநாள் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், தொப்பியைத் தூக்கி மண்டையைச் சொறிந்துவிட்டு, பரவாயில்லை. ஆர்லிஸும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். அவள் அப்பன் இருமி இருமி ரத்தம் துப்பியபோதும் அதையேதான் சொன்னான். அவனை நம்பி வைத்தியரிடம் போகாமல் இருந்தார்கள். அன்றிலிருந்து அந்தச் சொல் காதில் விழுந்தாலே அவளுக்குப் பல் கூசும்.

ஏப்ரல் கடைசி வாரம். கம்பளி வெட்டும் ஆட்கள் வந்திருந்த நாள். சினை ஆடுகள் குட்டி போட இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குள் வெட்டிவிட வேண்டும். வெட்டுகிறவர்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள். இன்றைக்கு விட்டால் அவர்கள் திரும்பி வருவதற்குள் குட்டியெல்லாம் துள்ளி விளையாடும்.

காலையில் வெயில் சட்டையைக் கழற்றச் சொன்னது. தென்கிழக்கிலிருந்து வெதுவெதுவென்று காற்று. ஆனால் சமையலறை வானொலி விடிந்ததிலிருந்து ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தது: பனிப்புயல் வருகிறது, மேற்கு மாவட்டத்துக்காரர்கள் கால்நடைகளை உள்ளே சேர்த்துவிடுங்கள். அதைக் கேட்டும் அவள் புருஷன் டெல்பர்ட் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான். காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே வானொலியை நம்பி, எல்லா ஆட்டையும் கொட்டகையில் அடைத்து ராத்திரி முழுக்கக் காவல் நின்றான். வந்தது தூறல். மறுநாள் தீவனக் கடையில் அவன் உட்காரும் நாற்காலியில் யாரோ பெண்கள் பிடிக்கிற குடை ஒன்றை விரித்து வைத்திருந்தார்கள். அந்தக் குடை இன்னும் அவன் நெஞ்சில் விரிந்தேதான் இருந்தது.

ஆர்லிஸ் தொலைபேசியை எடுத்தாள். புயல் மேற்கிலிருந்து வருகிறது; மேற்கே இருக்கிறவனைக் கேட்டால் தெரிந்துவிடும். முதலில் மொன்டானா எல்லைக்கு அப்பால் இருக்கும் கிழவர் ஐனாரைக் கூப்பிட்டாள்.

"ஐனார், ஆர்லிஸ் பேசறேன். அங்க எப்படி இருக்கு?"

"பரவாயில்ல. கொஞ்சம் காத்து."

"பனி?"

"அதுவும் கொஞ்சம்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். இந்த ஆளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. வேறு மாதிரி கேட்டாள்.

"உங்க சன்னல்லேருந்து கொட்டகை தெரியுதா?"

"எந்தக் கொட்டகை?"

"உங்களுக்கு எத்தன கொட்டகை இருக்கு? அந்தச் செவப்புக் கொட்டகைதான்."

அவர் எழுந்துபோய்ப் பார்க்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தார். "இப்பத் தெரியல."

"கடைசியா எப்பத் தெரிஞ்சுது?"

"காலையில காப்பி குடிக்கறப்ப இருந்துச்சு. எங்கயும் போயிருக்காது."

"மாட்டுக்குத் தீனி போட்டீங்களா?"

"இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு எறங்கினேன். பாதியில திரும்பிட்டேன். பரவாயில்ல, நேத்துத் தின்னதுதான."

"உங்களுக்கு ஏதாச்சும் ஆனாக்கூட, சவப்பெட்டிக்குள்ளேருந்து பரவாயில்லம்பீங்க."

"ஏம்மா கோவிச்சுக்கற? நீதான எப்படி இருக்குன்னு கேட்ட?"

அவள் தொலைபேசியை வைத்த வேகத்தில் சுவரிலிருந்த காலண்டர் கீழே விழுந்தது.

அடுத்து, பாதித் தூரத்தில் இருக்கும் ஓபலைக் கூப்பிட்டாள். ஓபல் பொம்பளை; அதனால் கொஞ்சம் கூடச் சொல்வாள்.

"இப்பத்தான்டி, துணி காயப் போட்டிருந்தேன். வெயில் நல்லாத்தான் இருந்துச்சு. சட்டுனு காத்து நின்னுபோச்சு. ஒரு இலை அசையல. என்னடா இதுன்னு வாசலுக்கு வரேன், வடக்குக் கதவு தானாத் தெறந்து செவத்துல மோதுது."

"துணிய எடுத்திட்டியா?"

"எங்கேருந்து எடுக்கறது? கொடியே போயிருச்சு. அவரோட நீளக் கால்சட்டை உன் பக்கம்தான் வருது, பாத்து வாங்கி வை."

"எவ்வளவு நேரமாச்சு ஓபல்?"

"ரொட்டி வெச்சுட்டுப் போனேன். இன்னும் வேகல."

அவ்வளவு போதும். ஐனார் வீட்டில் காப்பிக்கு வந்தது ஓபல் வீட்டில் ரொட்டி வேகுமுன் வந்துவிட்டது. இங்கே மதியச் சோற்றுக்கு வந்துவிடும். ஆர்லிஸ் காலணியைக் கட்டாமலே கொட்டகைக்கு ஓடினாள்.

கொட்டகையில் காது கிழியும் இரைச்சல். நாலு பேர் குனிந்து மின்கத்தரியால் கம்பளியைச் சீவித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். டெல்பர்ட், மரச்சட்டத்தில் தொங்கும் ஆள் உயரச் சாக்குக்குள் நின்று கம்பளியை மிதித்துக்கொண்டிருந்தான். தலை மட்டும் வெளியே, பானையிலிருந்து எட்டிப் பார்க்கிற பூனை மாதிரி.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், தங்கங்களா. ஈரக் கம்பளியை வெட்ட முடியாது. மூட்டைக்குள் புழுங்கிக் கெட்டுப்போகும். அதனால் முந்தின நாளே வெட்டாத ஆட்டையெல்லாம் கொட்டகைக்குள் அடைத்து, பனி படாமல் காய வைப்பார்கள். வெட்டி முடிந்ததைக் கீழ்வாசல் வழியாக மேய்ச்சலுக்கு விரட்டிவிடுவார்கள். அப்படித்தான் அப்பன் செய்தான், பாட்டன் செய்தான். அன்றைக்கும் பாதிக்கு மேல் வெட்டியாகிவிட்டது. அந்த ஆடுகளெல்லாம் உரித்த கிழங்கு மாதிரி வெள்ளை வெளேரென்று, வயிறு தள்ளிக்கொண்டு, தெற்குச் சரிவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"நிறுத்து டெல்பர்ட். ஓபல் வீட்டுக்கு வந்திருச்சு."

"ஐனார் என்ன சொன்னார்?" என்றது தலை.

"அவர் என்ன சொல்லுவார்? பரவாயில்லன்னார்."

"அப்புறம் என்ன?"

வெட்டுகிற ஆட்களில் ஒருவன் சிரித்தான். இன்னொருவன், "குடை எங்கண்ணே வெச்சிருக்க?" என்றான். அந்தக் கதை வெட்டுகிறவர்கள் வரைக்கும் போயிருந்தது. டெல்பர்ட்டின் காது சிவந்தது. "வெட்டுங்கப்பா, பொழுது போகுது" என்று இன்னும் பலமாக மிதித்தான்.

ஆர்லிஸ் விறுவிறுவென்று போனாள். சுவரிலிருந்த மின்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

இரைச்சல் அறுந்து விழுந்தது. ஆட்டின் மூச்சுகூடக் கேட்டது. வெட்டும் கூட்டத்தின் தலைவன் லைல், காலிடுக்கில் பாதி வெட்டிய ஆட்டோடு நிமிர்ந்தான். "அம்மா, இது ஒண்ணையாச்சும் முடிச்சுக்கறேன். பாதிச் சட்டையோட விட்டா மத்ததெல்லாம் கேலி பண்ணும்."

"ஆர்லிஸ், அதப் போடு மேல" என்றான் டெல்பர்ட். மெதுவாகத்தான் சொன்னான். அவன் மெதுவாகப் பேசினால் உள்ளே கொதிக்கிறது என்று பொருள்.

"போட மாட்டேன். கண்ண வெச்சுப் பாரு. கம்பளி போத்தினதெல்லாம் உள்ள நிக்குது. அம்மணமானதெல்லாம் வெளிய நிக்குது. எந்தப் புத்தியுள்ளவன் இப்படி வெப்பான்?"

"இதையெல்லாம் வெளிய விட்டா கம்பளி நனைஞ்சிரும்."

"நனைஞ்சா காயும். செத்தா?"

அவன் பதில் சொல்லுமுன் கொட்டகையில் ஏதோ மாறியது. கீழ்வாசல் வழியாகக் காலையிலிருந்து வந்துகொண்டிருந்த காற்று நின்றுவிட்டது. வைக்கோல் தூசி வெளிச்சத்தில் அப்படியே அந்தரத்தில் தொங்கியது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். பிறகு வடக்குச் சுவரின் பலகைகள் ஒவ்வொன்றாக முனக ஆரம்பித்தன.

"என்னத் தூக்குங்கடா" என்றான் டெல்பர்ட். சாக்கிலிருந்து தானாக ஏற முடியவில்லை. லைல் அக்குளில் கைகொடுத்து இழுத்துப் போட்டான்.

வெட்டுகிறவர்கள் உள்ளிருந்த ஆடுகளை ஓடைக்கரை மரங்களுக்குள் விரட்டிவிட்டார்கள். அவை போர்வையோடு பிறந்தவை, சமாளிக்கும். ஆர்லிஸும் டெல்பர்ட்டும் லைலும் நாயைக் கூட்டிக்கொண்டு தெற்குச் சரிவுக்கு இறங்கினார்கள். பாதி வழியில் புயல் முதுகில் அறைந்தது. முதலில் மழை, அது ஊசியாகி, ஊசி மாவாகி, கொஞ்ச நேரத்தில் தன் கையே தனக்குத் தெரியவில்லை. லைல் முன்னே போன இடத்தில் வெறும் வெள்ளை.

ஆடு குளிர்காற்றைப் பார்த்து நடக்காது. வாலைக் காற்றுக்குக் காட்டி, காற்று தள்ளுகிற பக்கம் போகும்; வேலி வந்தால் நிற்கும். பின்னால் வருவது முன்னால் நிற்பதன்மேல் ஏறும். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தென்கிழக்கு மூலையில் எல்லாம் குவிந்துகிடந்தன. ரோஜாநிறத் தோலில் பனி ஒட்டி, நடுங்கி நடுங்கி, ஒன்றன்மேல் ஒன்று. அடியில் கிடந்தவற்றின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"வீட்டுப் பக்கம் திருப்பு!" டெல்பர்ட் கத்தினான்.

நாய் குரைத்தது, கடித்தது. லைல் ஒரு கிழட்டு ஆட்டின் காதைப் பிடித்து இழுத்தான். நாலடி வரும், பனி மூக்கை அடைக்கும், சுழன்று மறுபடி கூட்டத்துக்குள் புகுந்துகொள்ளும். வீடு காற்று வருகிற திசையில் இருந்தது. அங்கே இவை போகப்போவதில்லை.

காற்று போகிற திசையில் ஒரே ஒரு கூரைதான் உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், பக்கத்துப் பண்ணைக்காரன் வெர்லினின் பெரிய தகரக் கொட்டகை.

"வெர்லின் வீட்டுக்கு ஓட்டலாம்" என்றாள் ஆர்லிஸ்.

"அங்க வேண்டாம்."

"என்ன?"

"அந்தாளு வாசலுக்கு நான் போகமாட்டேன்."

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் வெர்லினின் நாய் இவர்கள் கிடைக்குள் புகுந்து குட்டிகளைக் கிழித்தது. டெல்பர்ட் சுட்டான். அதில் குற்றம் இல்லை, ஆட்டுக்குள் புகுந்த நாயைச் சுடுவது அந்த நாட்டு வழக்கம். ஆனால் சுட்டவன் நாயின் சொந்தக்காரன் வாசலுக்கு நேரில் போய்த் தொப்பியைக் கழற்றிச் சொல்ல வேண்டும். அதுவும் வழக்கம்தான். டெல்பர்ட் போகவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டான். வெர்லின் மூன்று நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டு அலைந்து, கடைசியில் பள்ளத்தில் தானே கண்டெடுத்தான். அன்றோடு பேச்சு நின்றது.

ஆர்லிஸ் புருஷன் முகத்தைப் பார்த்தாள். புருவத்தில் பனி, மீசையில் பனி, அதற்குள்ளே அந்தப் பழைய வீம்பு, குளிரே படாமல். அவளுக்கு இத்தனை வருஷக் கோபமும் ஒன்றாகத் திரண்டு வந்தது. அப்பனுக்காக வந்தது, குடைக்காக வந்தது, சாக்குக்குள்ளிருந்து பேசிய தலைக்காக வந்தது. அவன் இடுப்பு வாரில் செருகியிருந்த வேலிக்குறடைப் பிடுங்கினாள்.

"அப்ப நீ இங்கயே நின்னு உன் வீம்ப மேச்சுக்கிட்டு இரு" என்றாள். "எனக்கு ஆடு இருக்கு."

முதல் கம்பி அறுந்து சுருண்டு அவள் கன்னத்தைக் கீறியது. அவள் துடைக்கக்கூட இல்லை. இரண்டாவது, மூன்றாவது. கடைசிக் கம்பி விட்டதும் அணை உடைந்த மாதிரி ஆடுகள் வழிந்தன. காற்று பின்னாலிருந்து தள்ள, அவை தாமாகவே போயின. லைல் ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம், ஆர்லிஸ் நடுவில், வெர்லின் கொட்டகைவரை போகும் குறுக்குவேலியின் கம்பங்களைக் கையால் தடவிக்கொண்டே.

வெர்லினின் கொட்டகைக் கதவை அவள் கைமுட்டியால் இடித்தாள். ஒற்றைநாடி உடம்பும் ஒட்டிய கன்னமுமாக வெர்லின் திறந்தான். அவளைப் பார்த்தான், அவள் பின்னால் வெள்ளைக்குள் வெள்ளையாக அசைவதைப் பார்த்தான்.

"அம்மணமாவா?" என்றான்.

"அம்மணமாத்தான். திட்டறதா இருந்தா அப்புறம் திட்டு."

"நிறையத் திட்டணும். அப்புறமே திட்டறேன்." அவன் கொட்டகைக்குள் நின்ற, போன வருஷம்தான் வாங்கிய அறுவடை இயந்திரத்தில் ஏறி முடுக்கி, துடைத்துத் துடைத்து வைத்திருந்ததைக் கொட்டும் பனிக்குள் ஓட்டி நிறுத்திவிட்டு வந்தான். அந்த இடம் முழுக்க ஆடுகள் நிறைந்தன. உடம்பிலிருந்து ஆவி எழுந்தது.

டெல்பர்ட் வெகுநேரம் கழித்து வந்தான். மூலையில் அமுங்கியவற்றை இழுத்து இழுத்து, நடக்கக்கூடியதையெல்லாம் வேலி வழியாகத் தள்ளிவிட்டு, கடைசியாக ஓர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வாசல்வரைதான் வந்தான். ஆட்டை உள்ளே இறக்கிவிட்டு, வெளியே நின்றுகொண்டான்.

ஆர்லிஸ் போய் அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "வெறைச்சுச் சாகறதா இருந்தா நேத்தே செத்திருக்கலாம். இன்னைக்கு எனக்கு நேரமில்ல."

வைக்கோல் கட்டுகளைப் பரப்ப வேண்டியிருந்தது. கனமான பெரிய கட்டுகள். ஒரு கட்டுக்கு இரண்டு ஆள் வேண்டும். வெர்லின் ஒரு முனையைப் பிடித்தான்.

"ஆர்லிஸ், உன் வீட்டுக்காரங்கிட்ட அந்த முனையப் பிடிக்கச் சொல்லு."

"ஆர்லிஸ், பிடிச்சாச்சுன்னு சொல்லு" என்றான் டெல்பர்ட்.

"நான் ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள் அவள். நடுங்கும் ஓர் ஆட்டின் வயிற்றை வைக்கோலால் பரபரவென்று தேய்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு. தூக்கத் தெரியலன்னா போட்டுட்டுப் போங்க, நானும் லைலும் தூக்கிக்கறோம்."

லைல் கூரையைப் பார்த்தான். வெர்லின் தூக்கினான், டெல்பர்ட்டும் தூக்கினான். பேச்சு மட்டும் வரவில்லை. அன்று முழுக்க அந்தக் கொட்டகையில் ஆடு கத்தியதும் தகரம் அலறியதும்தான். சில ஆடுகள் எழுந்திருக்கவேயில்லை. இரண்டு அங்கேயே, நாளுக்கு முன்னாலேயே, குட்டி போட்டன. ஒரு குட்டி பிழைத்தது.

மறுநாள் விடிந்தபோது வானம் ஒன்றுமே நடக்காத மாதிரி நீலமாக இருந்தது. ஓடைக்கரையில் கம்பளி ஆடுகள் பனியை உதறிவிட்டு நின்றன என்று லைல் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். வேலி மூலையில் மட்டும் ஒரு வெள்ளை மேடு. வேலிக் கம்பங்களின் தலைகூடத் தெரியவில்லை.

டெல்பர்ட் கொட்டகைக் கதவில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். அவள் கூடப் போகக்கூடாது என்றுதான் இருந்தாள். அவன் செய்தது, அவனே தோண்டட்டும். ஆனால் அடியில் கிடப்பது அவன் வீம்பு மட்டும் அல்லவே. அவளும் போனாள்.

செத்தவை செத்துக் கிடந்தன. அதைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம். அவன் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தான். அவளிடம் ஒரு தரம் திரும்பினான்.

"நேத்து வானொலிய..." என்று ஆரம்பித்தான்.

"பேசாத. தோண்டு."

அப்போதுதான் மேட்டின் ஓரத்தில், பனியில் விரல் அளவு ஓட்டை ஒன்றை அவள் பார்த்தாள். ஓரமெல்லாம் மஞ்சளாகக் கசிந்து, அதிலிருந்து மெல்ல ஆவி. உள்ளே ஏதோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. இருவரும் கையாலேயே பறித்தார்கள். உடன் கிடந்தவற்றின் சூட்டில் உருகிய ஒரு குழிக்குள், வயிறு ததும்ப, ஓர் ஆடு கண்ணைத் திறந்து அவர்களைப் பார்த்தது.

டெல்பர்ட் அதை வாரித் தூக்கினான். வீட்டுப் பக்கம் பார்த்தான். தூரம், இடுப்பளவு பனி. வெர்லின் கொட்டகைப் பக்கம் பார்த்தான்.

"என்ன யோசனை?" என்றாள் ஆர்லிஸ். "கிட்ட இருக்கறது எது? சூடா இருக்கறது எது?"

அவன் நடந்தான். அவள் மூலையில் நின்றபடியே பார்த்தாள். வெர்லின் வாசலுக்கு வந்தான். டெல்பர்ட் ஆட்டைக் கொடுத்தான். கொடுத்துவிட்டுத் திரும்பவில்லை. தொப்பியைக் கழற்றினான். என்ன பேசினார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. ஓர் ஆட்டைக் கைமாற்ற ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. வெர்லின் ஒரு தரம் கையை நீட்டிப் பள்ளத்தின் பக்கம் காட்டிச் சத்தமாக ஏதோ சொன்னான். டெல்பர்ட் தலை குனிந்தபடியே நின்று கேட்டுக்கொண்டான்.

அவளுக்கு மனசு இளகியதா என்று கேட்பீர்கள். இல்லை. வரிசையாகக் கிடந்த ஆடுகள் அவள் காலடியில் இருந்தன. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்க வேண்டிய பேச்சு அது.

இரண்டு ஆண்பிள்ளைகளும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு பனியில் கால் புதையப் புதைய வந்தார்கள். அவள் மேட்டின் மறுபக்கம் மண்டியிட்டு, காதைப் பனியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நின்னு வேடிக்க பாக்காதீங்க" என்றாள். "இங்க இன்னொண்ணு மூச்சு விடுது. தோண்டுங்க."